வரியில்லாத கோழி மசாலா

என் கோழி மசாலா எந்த நாட்டுச் சரக்கு என்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் செட்டிநாடு என்று சொல்லியிருப்பேன். அப்படி ஒரு நாடு எந்தச் சுங்க அலுவலகத்திலும் செல்லாது என்பது, சைகோனில் மசாலா அரைக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆற்றங்கரையை ஒட்டிய கான் ஹொய் பகுதியில், பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றில் மூலையைப் பிடித்து அரைத்துக்கொண்டிருந்தேன். நகரின் நடுப்பகுதியான டிஸ்ட்ரிக்ட் 1-இல் இருந்த இந்திய உணவகங்கள் வாங்கின. ஆனால் அந்த வரும்படி கிடங்கு வாடகைக்கே பற்றாது. தீபாவளிக்குப் பினாங்குக்கு ஒரு பெரிய சரக்கு போய் விற்றால் தொழில் நிற்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவது என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். வாங்க ஒப்புக்கொண்டவர் அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் அக்காவின் கணவர். “பாவம், ஆசப்படுது, அனுப்பட்டும்” என்று அத்தான் சொன்னது என் காதுக்கு வந்திருந்தது. அந்தப் ‘பாவம்’ என்னைத் தூங்கவிடவில்லை.

சுங்க வேலைகளைக் கவனித்துக் கொடுக்க ஒரு வியட்நாமியப் பெண்ணை வைத்திருந்தேன். அக்கா என்ற அர்த்தத்தில் என்னை ‘சி’ என்பாள். தென்கிழக்காசிய நாடுகள் ஒன்றுகூடி, தங்களுக்குள் வரி வேண்டாம் என்று பேசி முடித்திருக்கின்றன, அதனால் மசாலா வரியில்லாமல் பினாங்குக்குள் போகும் என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்தபடியாக, அதில் என்னென்ன சேர்கிறது, எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள்.

“மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு. எல்லாம் இந்தியா,” என்றேன் பெருமையாக.

அவள் முகம் வாடிவிட்டது. “அப்போ இது இந்தியாப் பொடி, சி. மதிப்புல நூத்துக்கு நாப்பதாவது நம்ம கூட்டத்து நாடுகளோடதா இருக்கணும். இங்கதான் மிளகு இருக்கே, பட்டை, அன்னாசிப்பூ இருக்கே. அதைக் கூட்டி, மல்லியைக் குறைச்சிடுங்க.”

மல்லியைக் குறைப்பதா! என் மாமியார்கூட என் பக்குவத்தில் கைவைத்ததில்லை. இப்போது முகம் தெரியாத மந்திரிகள் வைத்துவிட்டார்கள்.

வேறு வழி இல்லை. வரி விழுந்தால் விலை கட்டாது என்று அத்தான் முன்னமே சொல்லிவிட்டார். மல்லி இறங்க இறங்க மிளகும் பட்டையும் அன்னாசிப்பூவும் ஏறின. கணக்கு ஒருவழியாகச் சரிவந்த அன்று அதைப் போட்டுக் கோழி வறுத்தேன். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “என்ன, ஃபொ வாசம் அடிக்குது?” என்றார். ஃபொ என்பது இங்கே தெருவுக்குத் தெரு விற்கும் நூடுல்ஸ் சூப். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. குரங்கென்று தெரிந்தே பொட்டலம் கட்டி அனுப்பினேன்.

ஒரு காசு வரியில்லாமல் சரக்கு பினாங்கில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றும் விட்டது. பொட்டலத்தின் மேல் இறக்குமதி செய்பவரின் பெயரும் விலாசமும் இல்லையாம். வரியில் கைகோத்துக்கொண்டவர்கள், பொட்டலத்தின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எல்லோரும் ஒரே வீடு என்கிறார்கள், அறைக்கு அறை தனிப் பூட்டு.

“முறுக்கு சுடுற நேரத்துல குடும்பத்தோட உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டிருக்கோம்டி,” என்று அக்கா போனில் கத்தினாள். “ஒங்க அயித்தான் மீசையெல்லாம் பசை.”

“கோணாம ஒட்டுங்க” என்றேன். அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது.

சரக்கு வெளியே வருவதற்குள் தீபாவளி முடிந்துவிட்டது. நான் அழுது ஓய்ந்து, கிடங்குக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அத்தான் கூப்பிட்டார்.

“ஆத்தா, வித்துப்போச்சு.”

“எல்லாமா?”

“எல்லாம். நம்மாளுக ரெண்டு பேரு வாங்கிட்டுப் போயி, இது என்ன வாசம்னு திருப்பிக் கொண்டாந்துட்டாக. பக்கத்துல எலும்பு சூப்பு விக்கிற சீனக் கடைக்காரரு ஒரு பொட்டலத்தப் பிரிச்சு மோந்து பாத்தாரு. மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாரு. மாசா மாசம் வேணுமாம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் பிழைத்தது, அத்தானிடமும் ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா?

“அடுத்த தடவ இன்னும் நல்லாப் பண்ணி அனுப்புறேன் அயித்தான். மல்லியத் தூக்கலாப் போட்டு, நம்ம வீட்டுப் பக்குவத்துல.”

“ஐயையோ, வேணாந்தா!” என்று அலறினார். “ஒன் பக்குவம் மட்டும் அதுல வந்துறவே கூடாது.”