கன்றுக்குட்டி தானாக வரும்

டிவியில் நகைச்சுவைக் காட்சி ஓடும்போது என்னை யாரும் கூப்பிடக் கூடாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். மற்றவர்கள் சிரிப்பதற்குப் பார்க்கிறார்கள், அம்மா மட்டும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பார்க்கிறாள் என்று என் மகள் கேலி செய்வாள். செய்யட்டும். கோழியைப் பிடிக்கப் பாய்கிறவன் சேற்றில் விழுகிறான். ஏணியை இறுக்கிப் பிடித்தவன் ஏணியோடு சாய்கிறான். ஒன்றும் தெரியாமல் ஓரமாக நின்றவன் கழுத்தில் மாலை வந்து விழுகிறது. சாயங்காலத் தொடர்களிலும் இதே கதைதான். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டையே ஆட்டிவைக்கிற மாமியாரிடம் கடைசியில் சாவி மட்டும்தான் மிஞ்சும்.

சீனாக்காரர்கள் இதற்குத் தாவோ என்று பெயர் வைத்துப் பெரிய ஞானமாகக் கொண்டாடுகிறார்களாம். எனக்கு அது சினிமாக் கோமாளி ஒருவன் மூலமாகத்தான் வந்தது. இப்படிச் சொன்னால் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது.

காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இவரும் ஒரு சொல்தா. எங்களுக்குக் கல்யாணமான வருஷமே அவரைச் சைகோனுக்கு அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி தூக்கிய வேலை இல்லை, பட்டாளத்துக்கு அரிசியும் டப்பாச் சாமானும் அளந்து போடும் கிடங்கில் வேலை. அவர் கப்பல் ஏறும்போது நான் முழுகாமல் இருந்தேன். மகள் பிறந்த சேதி அவருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் குப்புற விழுந்து தவழ ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பா என்றால் கண்ணாடிச் சட்டம் போட்ட படம்தான். தொப்பி வைத்து, மீசை முறுக்கி, மார்பில் பித்தளைப் பொத்தான் மின்ன எல்லா அப்பாக்களும் ஒரே மாதிரி சுவரில் நிற்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போகும். புதுச்சட்டை போட்டால் முதலில் படத்திடம் காட்டும். பக்கத்து வீட்டுப் பையன் சேட்டை செய்தால் அவன் அம்மா அவனைப் படத்துக்கு முன்னால் முட்டி போட வைப்பாள். சைகோனில் இருக்கிற அந்த மனிதருக்குத் தாம் தினமும் பிள்ளையைத் தண்டிப்பது தெரியவே தெரியாது.

என் மகளும் அப்படித்தான் வளர்ந்தாள். பல் விழுந்தால் படத்திடம் சொல்லுவாள். என்மேல் கோபம் வந்தால் அதன் கீழே போய் உட்கார்ந்துகொள்வாள். "அப்பா, நீ வந்ததும் அம்மாவை நல்லாத் திட்டணும்," என்று அவள் சொன்னதை நானே சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். என்னைவிட அந்தப் படத்தோடுதான் அவளுக்கு ஒட்டுதல் என்று எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அடுத்த வருஷம், கார்த்திகை அடைமழையில், ஒரு மரப்பெட்டியோடு அவர் வந்து இறங்கினார். எனக்கே அடையாளம் தெரியச் சிறிது நேரம் ஆயிற்று. கன்னம் ஒட்டி, முன்மண்டை வழுக்கையாகி, மீசையை மழித்திருந்தார். அவருடைய அக்காவான என் நாத்தனார் விதவையாகி எங்களோடுதான் இருந்தார். நாத்தனார் ஓவென்று அழுதுகொண்டே குழந்தையை இழுத்துவந்து, அப்பா வந்துட்டாரு பாரு, போய்க் கட்டிக்க என்று முன்னால் தள்ளினார். குழந்தை வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"எங்கப்பா அங்க இருக்காரு. இவங்க யாரும்மா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுநாளும் அவள் அப்படியே சொன்னபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். கண் மூடித் திறக்கும் பொம்மையைக் கொடுத்தார். அதை வாங்கிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிட்டார். அவர் கூடத்துக்கு வந்தால் அவள் கொல்லைக்குப் போவாள், கொல்லைக்கு வந்தால் என் புடவைக்குள் ஒளிவாள். ஒரு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவளை ஆசை தாங்காமல் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். விழித்துப் பார்த்தவள் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி, நிலைப்படியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார் பாவம்.

நாத்தனாருக்கு ஒரு யோசனை வந்தது. நிஜ ஆள் வந்த பிறகு படம் எதற்கு, அது இருக்கும்வரை இந்தப் பிள்ளை ஒட்டாது என்று சொல்லி, படத்தைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை சுவரைப் பார்த்தாள். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை, படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்த சதுரத்தின் முன்னால் போய் நின்று, "போய்ட்டு வரேன்," என்று சொன்னாள். சாயங்காலம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சின்னக் குரலில், அப்பா செத்துப்போயிட்டாரா என்று கேட்டாள். உயிரோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரை நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்குச் சாகடித்துவிட்டோம்.

இதற்குள் அவர் மனசு வெறுத்துப்போயிருந்தார். கூடவே பட்டாளத்திலிருந்து திரும்பிய சிலர் பிரான்சுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். பங்குனியில் கப்பல். இவரும் பேர் கொடுத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"என்னைக் கண்டா பயப்படுது புள்ள. நான் இல்லாதப்ப அதுக்கு ஒரு அப்பன் இருந்தான். வந்து அதையும் கெடுத்துட்டேன். நான் போயிடுறேன்."

போங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷம் நான் காத்திருந்தது உங்கள் கணக்கில் வரவே இல்லையா என்று கேட்க வேண்டும்போலவும் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்தது. சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

தை அறுப்பு முடிந்ததும் கோவில்பத்துப் பக்கத்துத் திடலில் டூரிங் சினிமாக் கொட்டகை வந்தது. நெரவியிலிருந்தும் விழிதியூரிலிருந்தும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு வருவார்கள். உள்ளே ஆற்று மணல் கொட்டியிருக்கும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்புயரம்கூட இல்லாத மண் சுவர். உட்கார்ந்ததும் எல்லாரும் முதலில் செய்வது மணலைக் குவிப்பதுதான். முன்னால் இருப்பவள் மேடு போட்டு ஏறிக்கொண்டால் பின்னால் இருப்பவளுக்கு மறைக்கும். அவள் இன்னும் பெரிய மேடு போடுவாள். படம் ஆரம்பிப்பதற்குள் கொட்டகை முழுக்க மணலும் வசவும் பறக்கும்.

ஊருக்குப் போகிற மனிதரோடு ஒரு படமாவது பார்த்துவிடலாம் என்று நான்தான் கிளப்பினேன். நாத்தனாரும் குழந்தையும் நானும் சுவருக்கு இந்தப் பக்கம், அவர் சுவரையொட்டி அந்தப் பக்கம். கதை ஒன்றும் பிரமாதம் இல்லை. பண்ணையாரின் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடுகிறது. அதைப் பிடித்துவரச் சொல்லிக் கோமாளியை அனுப்புகிறார்கள். அவன் கயிற்றோடு துரத்துகிறான், வாய்க்காலில் விழுகிறான், வைக்கோல் போருக்குள் தலைகீழாகப் போகிறான். கொட்டகையே பிடிடா பிடிடா என்று கத்துகிறது. கடைசியில் கை கால் ஓய்ந்து, கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மடியிலிருந்த வாழைப்பழத்தை உரிக்கிறான். கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது மெல்ல மெல்ல வந்து, அவன் தோள்மேல் மோவாயை வைத்து, கையிலிருந்த பழத்தோலை இழுக்கிறது. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், வாயைத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, குழந்தை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, அவர் முதல்முறையாகச் சைகோனைப் பற்றி வாய் திறந்தார். கிடங்குக்கு எதிரில் ஒரு சீன நாட்டு மருந்துக் கடையாம். அந்தக் கடைக்காரர் அரைகுறைப் பிரெஞ்சில் தாவோ தாவோ என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாராம். தாவோ என்றால் வழியாம். தண்ணீர் யாரையும் தள்ளுவதில்லை, பள்ளம் பார்த்துப் போகிறது, ஆனாலும் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பாராம். சும்மா இருக்கத் தெரிந்தவன்தான் காரியம் செய்யத் தெரிந்தவன் என்பாராம். இவர் டீயைக் குடித்துவிட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாராம்.

"அந்த மனுசன் அத்தன வருசம் சொல்லியும் ஏறல. இந்தக் கோமாளி ஒரு வாழப்பழத்த வச்சுச் சொல்லிட்டான்," என்றார்.

சும்மா இருப்பதைக் கற்றுக்கொள்ளவா சைகோன்வரை போனீர்கள், நம் தெருவிலேயே அதில் தேர்ந்த ஆம்பிளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று கேட்டேன். அவர் சிரித்தார். வந்து இறங்கிய நாளுக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை குழந்தை எழுந்திருக்கும் முன்பே நாத்தனாரிடம் சாவி வாங்கி டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வேட்டியை அவிழ்த்து, கண்ணாடியைத் துடைத்து, பழைய ஆணியிலேயே படத்தை மாட்டினார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுந்து வந்த குழந்தை படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு கீழே உட்கார்ந்து, விட்டுப்போன அத்தனை நாள் சங்கதியையும் ஒன்றுவிடாமல் படத்திடம் சொன்னாள். கன்றுக்குட்டி கதையும் சொன்னாள். அவர் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, தம் பழைய சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கதையை அவரும் கேட்டார் என்பது அவர் காதைப் பார்த்தாலே தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் அவளைக் கூப்பிடவே இல்லை. பிஸ்கட் டப்பாவை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். அவள் ஓடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. கூடத்தில் அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எனக்குத்தான் பொறுமை போயிற்று. பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது, அவர் கொடுத்த பேர் கொடுத்தபடியே இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் கயிற்றை எடுத்துக்கொண்டு துரத்துகிற மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தாவோ எனக்குச் சுலபமாக வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அறுப்பு முடிந்த கையோடு வந்த கூட்டம் அதிகமானதால் படம் அடுத்த வாரமும் ஓடியது. கன்றுக்குட்டியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று குழந்தையே கேட்டாள். போனோம். முன்பு உட்கார்ந்த அதே இடம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மணலைக் குவித்து நல்ல உயரமாக ஒரு மேடு போட்டார். பிறகு அதில் உட்காராமல், பக்கத்தில் மணலைப் பறித்துப் பள்ளமாக்கி அதற்குள் உட்கார்ந்துகொண்டார். மேடு சும்மாக் கிடந்தது. பின்னால் இருந்தவர், அண்ணே, அது யாருக்கு என்று கேட்டார். இவர் மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

எங்களுக்கு முன்னால் விழிதியூர்ப் பெண் ஒருத்தி தாழம்பூ வைத்துப் பெரிய கொண்டையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தைக்குத் திரை மறைத்தது. மணலைக் குவித்து ஏறிப் பார்த்தாள், சரிந்தது. மறுபடி குவித்தாள், அதுவும் சரிந்தது. முதல் ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். அவள் சுவர்மேல் முழங்கையை ஊன்றி அந்தக் காலி மேட்டைப் பார்த்தாள். பள்ளத்தில் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கைத் தலையைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் போம்மா என்று சொல்ல வாயெடுத்தார். நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

விளக்கு அணைந்தது. என் பக்கத்தில் பாவாடை சரசரத்தது. திரை வெளிச்சம் வந்தபோது அவள் சுவரைத் தாண்டி மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

கோமாளி துரத்த ஆரம்பித்தான். கொட்டகை மறுபடி பிடிடா பிடிடா என்று கத்தியது. அவள் மேட்டில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள், சரிந்துவிடாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கோமாளி மரத்தடியில் உட்கார்ந்ததும் குனிந்து அவர் காதில் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"அப்பா, இப்ப வரும் பாரு."

தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. கண் திரையில் இருந்தது. அவர் திரும்பவில்லை. அவளை வாரி அணைத்துக்கொள்ள அந்த மனிதர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். கையிலிருந்த கடலை மணலில் சிந்தியது. அவர் அசையவே இல்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நான்தான் குலுங்கினேன். படம் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நாத்தனார் நினைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா, வருது," என்றார் அவர்.

கப்பல் பங்குனியில் போயிற்று. கூடப் பேர் கொடுத்தவர்கள் போனார்கள். அன்று காலை வாசலில் அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய குழந்தை வழக்கம்போலச் சுவரைப் பார்த்து, "போய்ட்டு வரேன் அப்பா," என்றாள். வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தும் அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.