மரியதாஸின் மீன் வானும் நரி லைட்டும்

ஒரு மனிதர் தமிழில் சொன்ன உண்மையை, அவர் முகத்துக்கு முன்னாலேயே, ஆங்கிலத்தில் பொய்யாக மாற்றிச் சொன்னேன். அதனால் அவருடைய தொழில் போயிற்று. பத்து வருடமாக அது என் ஒருவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பஸ்ஸில் கண்டதையும் கலியாண வீட்டில் கேட்டதையும் எழுதி உங்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இந்த வாரம் முடியவில்லை. போன சனிக்கிழமை லண்டன் அப்டன் பார்க்கில் என்னை ஒரு ஸ்விட்சைத் தட்டச் சொன்னார்கள். கையை நீட்டவே தயங்கினேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு சின்ன ஸ்விட்சுக்கு இப்படிப் பயப்படுவானா ஒருவன்... அதுவும் முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன்?

பயப்படுவான். ஏன் என்று சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தபோது, பிளேஸ்டோவில் மரியதாஸ் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தேன். மரியதாஸ் மன்னார்க்காரர். பழைய வான் வண்டி ஒன்றில் மீன் கொண்டுவந்து, பின்கதவைத் திறந்து, குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, தெருத்தெருவாக விற்பார். மனைவி றோசலின் வானுக்குள் இருந்தபடி மீன் வெட்டிக் கொடுப்பார். இருவருக்கும் ஆங்கிலம் ஓடாது. எனக்கு ஓடும். கவுன்சில் கடிதமா, டொக்டரா, காஸ்காரனா... "மாஸ்டரைக் கூப்பிடுங்கோ!" அந்த வீட்டின் இங்கிலீஷ் வாய் நான்தான்.

மாரிகாலம் வந்தது. நாலு மணிக்கே இருட்டு. இருட்டு கூடப் பரவாயில்லை, தெருவிளக்குத்தான் பிரச்சினை. அந்த மஞ்சள் சோடியம் வெளிச்சம் உங்களுக்குத் தெரியுந்தானே? அதன் கீழே சிவப்பு என்றொரு நிறமே கிடையாது. எங்கள் பெண்கள் செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்க்காமல் மீன் வாங்குவார்களா?

"இதென்ன தாஸண்ணை, செவுள் கறுத்துப் போச்சு? போன கிழமை மீனோ?"

"ஐயோ தங்கச்சி, இண்டைக்கு விடியத்தான் எடுத்தனான். லைட் அப்பிடிக் காட்டுது."

"லைட்டிலை பழியைப் போடாதேங்கோ!"

பாதி மீன் திரும்பி வீட்டுக்கு வரத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரியதாஸ், பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே பானைமூடி அகலத்தில் ஒரு ஸ்பொட்லைட். வெள்ளைக்காரர் நரி, முயல் வேட்டைக்கு ஜீப்பில் பூட்டுவது. நூறு வாட்.

"நரி பிடிக்கிற லைட், மாஸ்டர். நான் சனத்தைப் பிடிக்கப்போறன்!"

லைட்டோடு வந்த பிளக்கை, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினோம். ஒரு நிமிடம் எரிந்து, வானின் ஃபியூஸ் போய்விட்டது. அந்தத் துளை அவ்வளவு கரண்டைத் தாங்காது.

"நேரே பற்றரியிலிருந்து எடுப்பம்," என்றேன்.

"உங்களுக்கு ஏலுமோ, மாஸ்டர்?"

எனக்கு ஏலுமோவா! யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து லவுட்ஸ்பீக்கர் முதல் சந்திக் கடைச் சோடனை விளக்கு வரை வயர் இழுத்தவனிடமா இந்தக் கேள்வி?

எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதுதான் இந்தக் கதையில் கேவலமான இடம். தடித்த வயர் வேண்டும். பற்றரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், சரியான அளவு ஃபியூஸ் வேண்டும். வானின் முன்பக்கத் தகரத்தைத் துளைத்து வயரை உள்ளே எடுக்கும் இடத்தில் ஒரு றப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுக்கும்.

வயர் வாங்கினேன். ஃபியூஸ் போட்டேன். றப்பர் வளையம் கைவசம் இல்லை. 'இதுக்காக ஒருக்கால் கடைக்குப் போறதோ' என்று கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

லைட் எரிந்தது! மீன்கள் வெள்ளி மாதிரி மின்னின. செவுள்கள் ரத்தச் சிவப்பு. சனம் குவிந்தது. "மாஸ்டற்றை ஃபிசிக்ஸ், செத்த மீனுக்கும் உயிர் குடுத்துப்போட்டுது!" என்று மரியதாஸ் எல்லோருக்கும் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஃபியூஸ் போனது. மாற்றினேன். இரண்டு நாளில் மறுபடி போனது. மாற்றினேன். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மூன்றாம் முறையும் போனது. மழை தூறுகிறது, பத்துப் பெண்கள் பையோடு நிற்கிறார்கள், கையில் வேறு ஃபியூஸ் இல்லை.

"மாஸ்டர், ஏதாவது செய்யுங்கோ. சனம் போகப்போகுது."

மரியதாஸின் சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து, செத்த ஃபியூஸில் சுற்றிச் செருகினேன். ஊரில் எத்தனை தரம் செய்திருப்போம்! ஃபியூஸ் கட்டைக்குச் செப்புக் கம்பி, வெள்ளித்தாள், அகப்பட்டது எதுவும். அதை நாங்கள் கெட்டித்தனம் என்றுதானே நினைத்திருந்தோம்?

ஃபியூஸ் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது என்று நான் யோசிக்கவில்லை. தகரம் டேப்பை அறுத்து, வயரின் தோலையும் அறுத்துக்கொண்டிருந்தது. அந்த ஃபியூஸ் மூன்று தரம் கத்திச் சொன்னது. நான் அதன் வாயைப் பொத்தினேன்.

அரை மணி நேரம் எரிந்திருக்கும். நான் நடைபாதையில் நின்றேன். திடீரென்று லைட் மங்கியது. மஞ்சளாகி, செம்மஞ்சளாகி... பிறகு ஒரு வாசம். எரியும் றப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த, தொண்டையைப் பிடிக்கிற வாசம். இன்றைக்கும் எங்கேயாவது அது வந்தால் உடனே வெளியே ஓடிவிடுவேன்.

டாஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை, அதன் பின்னால் நெருப்பு. றோசலின் வானுக்குள்ளே. பக்கக் கதவின் உள்பிடி எப்போதோ உடைந்துவிட்டது. பின்வாசலில் மீன் பலகை.

"றோசலின்! வெளியில வா!"

"வழி இல்லை! பலகையை எடுங்கோ!"

பெண்கள் பலகையை இழுத்தார்கள். மீன் எல்லாம் ரோட்டில். றோசலினைக் கையில் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். மரியதாஸ் முன்னுக்கு ஓடி, பொனற்றைத் திறந்து, சிவந்து உருகிக்கொண்டிருந்த வயரை வெறுங்கையால் பிடித்துப் பற்றரியிலிருந்து பிய்த்தார். உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

நான் என்ன செய்தேன்? நின்றேன். அவ்வளவுதான். நின்றேன்.

நெருப்பை அணைத்தபின், தீயணைப்பு அதிகாரி ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். விரல் நுனியில் அந்த வெள்ளித்தாள். "இதைச் செய்தது யார்?"

மரியதாஸ் மீன் ஐஸுக்குள் கையைப் புதைத்தபடி குந்தியிருந்தார். பல் கிடுகிடுத்தது.

"என்ன கேக்கிறார், மாஸ்டர்?"

"வயரிங் செய்தது ஆர் எண்டு கேக்கிறார்."

"நீங்கள்தான் எண்டு சொல்லுங்கோ. நல்லாப் படிச்ச ஆள், பிழை விட மாட்டார், மழைத்தண்ணி போயிருக்கும் எண்டும் சொல்லுங்கோ."

அப்போது என் அகதி வழக்கு முடிவாகாமல் கிடந்தது. அதிகாரியின் கையில் அந்த நோட்டுப்புத்தகம்... அதில் என் பெயர் ஏறினால்? பொலிஸ், கோர்ட், திருப்பி அனுப்பும் விமானம் — எல்லாம் ஒரு வினாடியில் கண்ணுக்கு முன்னால் ஓடின. அதிகாரியைப் பார்த்து நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல் சொன்னேன்: "அவரே செய்ததாகச் சொல்கிறார்."

அதிகாரி எழுதினார். மரியதாஸ் நன்றியோடு எனக்குத் தலையை ஆட்டினார்.

கை ஆறியது. ஆனால் இரண்டு விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. கையை இறுக்கி மூட ஏலாது. பிறகு கவுன்சில் கடிதம் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து நான்தான் வாசித்தேன். தெருவில் விற்கும் லைசென்ஸ் ரத்து. 'வாகனத்தில் நீங்களே செய்த ஆபத்தான வயரிங்கின் காரணமாக, உங்கள் கவனயீனத்தின் காரணமாக' என்று ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

"ஏனாம், மாஸ்டர்?"

"காரணம் ஒண்டும் போடேல்லை, தாஸ்."

"அந்த நெருப்புக்கார வெள்ளையன்தான். எங்களைக் கண்டால் அவங்களுக்குப் பிடிக்காது."

நான் மறுக்கவில்லை. றோசலின் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகினார்.

அன்றிலிருந்து சோறு சாப்பிடும்போது மாதாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டேன். கடிதம் அங்கே இருக்கிறது. யாராவது எடுத்து வாசித்தால்? ஆங்கிலம் தெரிந்த விருந்தாளி வந்தாலே மேலே அறைக்கு ஏறிவிடுவேன். கடைசியில் சட்டனுக்கு, மகள் வீட்டுக்குப் போனேன். மகள் கூப்பிட்டாள் என்று சொன்னேன். அவள் கூப்பிடவில்லை. நானே கேட்டுப் போனேன்.

மரியதாஸ் ஒரு பலசரக்குக் கடையில் தட்டுகளில் சாமான் அடுக்கினார். றோசலின் ஒஃபிஸ் கூட்டினார். கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்ல, நத்தாருக்கு நத்தார் எனக்கு ஃபோன் எடுப்பார்கள். ஒருமுறை மரியதாஸ் சந்தோஷமாகச் சொன்னார்: "மாஸ்டர், லைப்ரரியிலை இங்கிலீஷ் வகுப்புக்குப் போறன். இனி உங்களுக்குக் கரைச்சல் தர மாட்டன்."

ஒரு மனிதன் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுகிறான் என்பதைக் கேட்டு இன்னொருவன் பயப்படுவானா? படிப்பித்தே பிழைத்த நான் பயந்தேன். ஒவ்வொரு தரம் ஃபோன் அடிக்கும்போதும், எத்தனையாம் பாடத்தில் நிற்கிறாரோ என்று நினைத்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்த ஃபோன் வந்தது.

"மாஸ்டர், ஒரு சொல்லுக்குக் கருத்துச் சொல்லுங்கோ. நெக்லிஜென்ஸ் எண்டால் என்ன?"

"கவனயீனம்."

மறுமுனையில் அந்தப் பழைய கவுன்சில் கடதாசி சரசரத்தது.

"ஆரின்ரை கவனயீனம், மாஸ்டர்?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. உண்மையாகவே வந்தது. விழுங்கினேன்.

"என்ரை."

அடுத்த நாள் பிளேஸ்டோவுக்குப் போனேன். றோசலின் தேத்தண்ணி வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். மரியதாஸ் கடிதத்தை என் கையில் தந்தார்.

"இப்ப முழுக்க வாசியுங்கோ, மாஸ்டர். ஒரு வரியும் விடாமல்."

வாசித்தேன். வரிக்கு வரி தமிழில் சொன்னேன். முடித்ததும் றோசலின் எழுந்து, நான் தொடாத தேத்தண்ணியை எடுத்துப் போய் சிங்கில் ஊற்றினார். மரியதாஸ் தன் வளைந்த விரல்களைப் பார்த்தபடி சொன்னார்: "பத்து வருசம், மாஸ்டர். அந்த வெள்ளைக்கார மனுசனைப் பத்து வருசமாத் திட்டிக்கொண்டிருக்கிறன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை.

அன்றிரவே கவுன்சிலுக்கு எழுதினேன். வயரிங் செய்தவன் நான், வெள்ளித்தாள் சுற்றியவன் நான், மொழிபெயர்ப்பில் பொய் சொன்னவனும் நான். பெயர், விலாசம், கையெழுத்து. பொலிஸ் வரும் என்று இரண்டு மாதம் கதவு மணி அடித்தாலே ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வந்தது ஒரு சின்னக் கடிதம்: பழைய பதிவு திருத்தப்பட்டது, விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். றோசலின் தன் பெயரில் விண்ணப்பித்தார். கிடைத்தது.

போன சனிக்கிழமைதான் முதல் நாள். "வாங்கோ" என்று மரியதாஸ் கூப்பிட்டார். வேறு வான். மறுபடி ஒரு வேட்டை லைட். கராஜ்காரர் ஒருவர் முறையாகப் பூட்டியிருந்தார். மரியதாஸ் பொனற்றைத் திறந்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார்: தடித்த வயர், பற்றரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ், தகரத்தில் றப்பர் வளையம்.

"எல்லாம் சரியோ, மாஸ்டர்?"

"சரி."

"அப்ப ஸ்விட்சை நீங்களே போடுங்கோ."

உள்ளே றோசலின் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். பின்வாசலில் பலகை. அதே மாதிரி.

"பிள்ளை, ஒருக்கால் வெளியில வாரும். எரிஞ்ச பிறகு ஏறலாம்," என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏன் வரவேணும்? இந்த முறை வயரிங் நீங்கள் செய்யேல்லையே!"

மீன் வாங்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். மரியதாஸ் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன்.

வெளிச்சம். மூக்கை விரித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... மீன் வாசம் மட்டும்தான். உங்கள் வீட்டிலோ வாகனத்திலோ ஒரு ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், தயவுசெய்து அதைக் கெட்டித்தனமாக ஏமாற்றாதீர்கள். அது சொல்வதைக் கேளுங்கள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. ஒரு பெண் விளைமீனின் செவுளைத் தூக்கியபடி திரும்பினார்.

"ஐயா, வெளிச்சத்தை மறைக்கிறியள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றேன்.