கண்ணாடியில் பார்த்து வரைந்த சிலை

என் வீட்டுக்காரருக்கு முடிவெட்டுகிற தொழில். ரவுண்டானாவைப் பார்த்த மாதிரி கடை. ரவுண்டானா நடுவில் ஒரு சிலை. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த மனிதர், வலது கையை உயர்த்தியபடி நிற்பார். பெயரைப் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள், யார் படித்தது? எங்களுக்கெல்லாம் அவர் டாட்டாத் தாத்தா.

கத்தரி பிடித்த கை கரிக்கட்டியைப் பிடித்தது போன வருடம்தான். நூலகத்து மாடியில் சாயங்கால ஓவிய வகுப்பு ஆரம்பித்தார்கள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். மனிதர் சீப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் செஞ்ச வேலை எதுவும் ஒரு மாசத்துக்கு மேல நின்னதில்லம்மா. எல்லாம் வளந்துடுது. நிக்கிற மாதிரி ஒண்ணாவது செய்யணும்."

எனக்குச் சுருக்கென்றது. வாயாடி என்று பெயரெடுத்தவள் அன்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து திறந்தேன், அது வேறு விஷயம். தலையணை உறையில் கரி, டீ டம்ளரில் கரி. வாடிக்கையாளர் ஒருவர் காதோரம் கரியோடு வீட்டுக்குப் போக, அவர் சம்சாரம் வந்து என்னிடம் சண்டை பிடித்தாள்.

வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு படத்தை நூலகக் கூடத்தில் நிரந்தரமாக மாட்டப்போவதாக ஓவிய டீச்சர் சொன்னார். அன்றிலிருந்து இவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. டாட்டாத் தாத்தாவைத்தான் வரைவது என்று ஒரே பிடிவாதம். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வெட்டுகிற நாற்காலியில் தானே உட்கார்ந்து வரைந்தார். அடேயப்பா, என்ன படம்! கோட்டு மடிப்பு, விரல் நகம், தோளில் உட்கார்ந்த காக்கை வரை எல்லாம் வந்திருந்தது. மீசை மட்டும் சிலையில் இருப்பதைவிட எடுப்பாக இருந்தது.

"கோணலா வச்சிருந்தாங்க, லேசா ஒதுக்கிவிட்டேன்" என்றார்.

கரி உதிராமலிருக்கக் கடையிலிருந்த ஹேர் ஸ்பிரேயை மேலே அடித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் படத்தைக் கொண்டுபோனோம். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா தாத்தா இடது கையைத் தூக்கியிருக்காரே?"

"அவரு எப்பவும் அந்தக் கையைத்தானே தூக்கியிருப்பாரு" என்று இவர் சாதித்தார்.

டீச்சர் ஜன்னலைத் திறந்து எதிரே தெரிந்த ரவுண்டானாவைக் காட்டினார். நிஜத் தாத்தா வலது கையைத் தூக்கிக்கொண்டு ஜம்மென்று நின்றார். அப்புறம்தான் விஷயம் விளங்கியது. இந்த மனிதர் சிலையை நேராகப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் இருக்கிற சிலையைக் கண்ணாடிக்குள் பார்த்து வரைந்திருக்கிறார். வருஷக்கணக்காக வாடிக்கையாளர் முகத்தை எல்லாம் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய கண்!

ஊர்ப் பெரியவரின் கையை மாற்றி மாட்டினால் வம்பு வரும் என்று டீச்சர் மனசில்லாமல் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் வழி நெடுகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் படத்தைச் சுருட்டிப் பரணில் போடப் போனார். எனக்கு வந்ததே கோபம்!

"நூலகத்துல சுவர் இல்லைன்னா என்ன, உங்க கடைக்குச் சுவரே இல்லையா? கொடுங்க இப்படி!"

அன்றைக்கே சட்டம் போட்டு வாங்கினேன். மறுநாள் காலையில் நானே கடைக்குப் போய், வாசலை ஒட்டின சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அது கண்ணாடிக்கு நேர் எதிர்ச் சுவர். வேறெங்கும் இடமில்லை, அவ்வளவுதான். மூளையை ஒன்றும் செலவழிக்கவில்லை.

முதல் ஆளாக வந்தவர் பஸ் கண்டக்டர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, கை மாறின கதை அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. கேலி பேசத் தயாராகத்தான் உட்கார்ந்தார். துணியைப் போர்த்தியதும் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார்:

"அட, நம்ம டாட்டாத் தாத்தா! அச்சு அசலா இருக்காரே! எவன் சொன்னான் கை மாறிப்போச்சுன்னு?"

இவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் படத்துத் தாத்தா வலது கையைத் தூக்கியிருந்தார். பக்கத்திலேயே, வாசல் வழியாகத் தெரிந்த நிஜத் தாத்தாதான் இடது கையைத் தூக்கிக்கொண்டு அசடு வழிய நின்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணே, அடுத்த மாசம் வரும்போதும் இது இங்க இருக்குமா? நூலகத்துக்காரங்க வந்து தூக்கிட்டுப் போயிடப் போறாங்க" என்றார் கண்டக்டர்.

இவர் கத்தரியைக் கையில் எடுத்தார்.

"உன் முடி வளரும்யா. இது அப்படியே இருக்கும். தலையைக் குனி."