தலைகீழாக வந்த நான்கு பக்கங்கள்

தேர்வு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், நகல் பிரிவில், அவளை எல்லோரும் திருப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கங்களைத் திருப்புகிற அக்கா. "திருப்பக்கா, என் தலையெழுத்தையும் கொஞ்சம் திருப்பிப் போடுங்களேன்" என்று தபால் பிரிவுக்காரர் போகும்போதும் வரும்போதும் சொல்வார். அவளும் சிரித்துவைப்பாள். வயது நாற்பத்தாறு. பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி. ஒரு சக்கரம் உடைந்துபோய், மடித்த அட்டை ஒன்றுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மாணவர்கள் எழுதிய விடைத்தாளின் முதுகை வெட்டி, தாள்களைக் கட்டாக ஸ்கேனரில் கொடுப்பார்கள். திருத்துகிறவர்கள் தாளைத் தொடுவதே இல்லை. வேறொரு கட்டடத்தில் உட்கார்ந்து கணினித் திரையில் படித்து, திரையிலேயே டிக் போட்டு மதிப்பெண் கொடுப்பார்கள். முடிவு வந்தபின், தன் விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் படங்களை அச்சடித்து அனுப்புவது நகல் பிரிவின் வேலை.

முன்பெல்லாம் ஒரு விடைத்தாள் அச்சாக எட்டு நிமிடம் பிடிக்கும். படங்கள் ஒவ்வொன்றும் மலை கனம். சில பக்கங்கள் படுக்கைவாட்டில் இருக்கும், சில தலைகீழாக இருக்கும். பிரிண்டர் ஒவ்வொரு படத்தையும் விழுங்கிவிட்டு, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிடும். வெளியே வந்த தாள்களில் தலைகீழானதைப் பொறுக்கித் திருப்பி அடுக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். யாரும் சொல்லித்தராமல் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அச்சுக்கு அனுப்பும் முன்பே எல்லாப் பக்கங்களையும் நேராக்கி, தாளின் அளவுக்குச் சுருக்கி, கலரை எடுத்துவிட்டு, ஒரே கோப்பாகச் சேர்த்து அனுப்பிப் பார்த்தாள். முப்பத்தாறு பக்கமும் ஒன்றரை நிமிடத்தில் மளமளவென்று வந்து விழுந்தன. நகல் பிரிவின் கண்காணிப்பாளர் அதைத் தன் யோசனை என்று எழுதி மேலே அனுப்பி, பாராட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை சுலபமானால் சரி என்றிருந்தாள்.

சென்ற வருடம் அவள் மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதினாள். தேர்ச்சிதான். ஆனால் அரசுக் கல்லூரியில் பொறியியல் படிப்புக்கு வேண்டிய கட்-ஆஃபில் மூன்று மதிப்பெண் குறைந்தது. கணிதத்தில்தான் அடி. மகள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தாள். அந்த எண் வரிசையில் வந்தபோது அம்மாவே அதைத் திறந்தாள். விரல்கள் பழக்கத்தில் பக்கங்களைத் திருப்பி நேராக்கின. எந்தப் பக்கம் எப்படி வந்தது என்று அவள் கவனிக்கக்கூட இல்லை. வழக்கத்தைவிடச் சுத்தமாக அச்சடித்து அனுப்பினாள்.

நகல் வீட்டுக்கு வந்த அன்று மகள் அதைக் கட்டிலில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, இங்க பாரேன். இருபத்தொண்ணுலருந்து இருபத்துநாலு வரைக்கும் ரெண்டு கணக்கு போட்டிருக்கேன். டிக்கும் இல்ல, இன்ட்டு மார்க்கும் இல்ல."

"தப்பா இருக்கும். அதான் ஒண்ணும் போடாம விட்டிருப்பாங்க."

"தப்புன்னா இன்ட்டு போடுவாங்கல்ல?"

"ஆயிரக்கணக்குல திருத்துறவங்களுக்குத் தெரியாதா? பரீட்சை நேரத்துல நீ போனும் கையுமா உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாதா?"

மகளின் முகம் சுண்டிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா கதவோரம் நின்று, "விடும்மா, அதையே நோண்டிக்கிட்டு" என்றார். மகள் தாள்களை அடுக்கி உறைக்குள் போட்டாள். மறுமதிப்பீட்டுக்குப் பத்து நாள் அவகாசம் இருந்தது. யாரும் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த மாதமே மகள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்த வருடம் முடிவு வந்த மூன்றாம் நாள் ஒரு பக்கத்தைத் திருப்பி நேராக்கியபோது திருப்பக்காவின் கை நின்றது. எழுத்து நேராக இருந்தது. டிக்குகள் தலைகீழாக நின்றன. திருத்துகிறவர் போடும் டிக் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். படத்தைத் திருப்பினால் அதுவும் திரும்பும். அப்படியானால் திருத்தியவருக்கு இந்தப் பக்கம் தலைகீழாகத்தான் வந்திருக்கிறது. அவர்களுடைய திரையில் பக்கத்தைத் திருப்ப வழி கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் கழுத்தை ஒடித்துக்கொண்டு படித்து டிக் போட்டிருக்கிறார்.

அப்படிப் படிக்க மனமில்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்? அன்று மாலைவரை அவள் தலைகீழாக வந்த பக்கங்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தாள். பாதிக்குமேல் ஒரு கோடுகூட இல்லை. பிள்ளைகள் பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள்.

சென்ற வருடம் திருத்தி வந்தபடியே, அவள் நேராக்கும் முன் இருந்த படங்களைத் திறந்து, மகளின் எண்ணைத் தட்டினாள். இருபது வரை நேராக இருந்தன. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு, நான்கும் தலைகீழ். இருபத்தைந்திலிருந்து மறுபடி நேர்.

அந்த நான்கு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் ட்யூஷன் நடத்தும் கணக்கு வாத்தியாரிடம் போனாள். யாருடையது என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ரெண்டும் சரிங்க. எட்டு மார்க். நானா இருந்தா முழுசாப் போட்டிருப்பேன்."

மறுநாள் கண்காணிப்பாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள், மகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"நல்லது. அச்சடிக்கிறதுதான் நம்ம வேலை. திருத்துறவங்க பொழப்புல நாம ஏன் மூக்க நுழைக்கணும்?"

"நான் நேராக்கி அனுப்புறதால பிள்ளைங்களுக்கு விஷயமே தெரியமாட்டேங்குது சார். பார்த்தா, எல்லாப் பக்கமும் ஒழுங்காப் போன மாதிரி இருக்கு."

"அதுக்குத்தானேம்மா நேராக்குறோம்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் தலைகீழ்ப் பக்கங்களைத் திருப்புவதை நிறுத்தினாள். திருத்தியவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே அச்சடித்து அனுப்பினாள். ஒரு வாரத்தில் தொலைபேசிகள் அலறத் தொடங்கின. நகல் தப்பாக வந்திருக்கிறது என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். சில பெற்றோருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மார்க் போடாத பக்கமெல்லாம் ஏன் தலைகீழாகவே இருக்கிறது என்று நேரில் வந்து கேட்டார்கள். மறுமதிப்பீட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அறுபத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கூடியது.

விசாரணை வந்தது, அவள்மீது. நகலைச் சரியான வாக்கில் அனுப்பாமல் அலட்சியம் காட்டினார், அலுவலகத்துக்குக் கெட்ட பெயர் தேடித்தந்தார் என்று எழுதினார்கள். திருத்தாமல் விட்டவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தபால் பிரிவுக்காரர் தலையெழுத்தைத் திருப்பச் சொல்வதை நிறுத்திவிட்டு, எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். அவளைக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத சரக்கறையில், காலி விடைத்தாள் கட்டுகளை எண்ணி வைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு முதல் திருத்தப் போகும் முன்பே எல்லாப் பக்கங்களும் நேராக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. அதற்கான குழுவுக்குக் கண்காணிப்பாளர்தான் தலைவர்.

மாற்றல் உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அவள் அந்த நான்கு பக்கங்களைப் பற்றி மகளிடம் சொன்னாள். மகள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"ரெண்டு மாசம் ஆச்சு. இப்பக்கூட எழுதிப் போட்டுப் பார்க்கலாம். நானே எழுதுறேன்."

"யாரோ ஒருத்தர் திருத்தாம விட்டாங்க. அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது." மகள் துண்டைக் கொடியில் போட்டாள். "நான்தான் உன்கிட்ட கொண்டுவந்து காட்டினேனேம்மா. அந்த ரெண்டு கணக்க ஒரு தடவையாவது படிச்சுப் பார்த்தியா?"

அவள் படித்திருக்கவில்லை. "எனக்குக் கணக்கு எங்க தெரியும்?" என்றாள்.

"தெரியலன்னு அன்னிக்குச் சொல்லியிருக்கலாம். தப்பா இருக்கும்னு சொன்ன. அத நம்பித்தான் நான் விட்டேன்."

அம்மா விண்ணப்பம் எழுதினாள், மூன்று முறை. மூன்றாவதற்குப் பதில் வந்தது: அவகாசம் முடிந்துவிட்டது, விதிப்படி மூல விடைத்தாள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. மகள் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இது வேணுமா, கிழிச்சுப் போட்டுடவா?" என்று கேட்டாள்.

மகள் இன்னும் அந்தக் கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறாள். வந்ததும் அப்பாவிடம் கடைக்கதை பேசுகிறாள், சிரிக்கிறாள். அம்மாவிடம், சாப்பாடு ஆயிடுச்சா என்று மட்டும் கேட்கிறாள்.