விழாதவன் விழுந்த நாள்

பழைய ஜெர்மானியக் காடுகளில் வாழ்ந்த செம்னோன் குடியில் வாகிமர் என்று கேட்டால் யோசிப்பார்கள். 'விழாதவன்' என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். வருஷம் ஒருமுறை சாமி கும்பிட, ஆண்கள் சாமிக் காட்டுக்குள் கைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். தடுக்கி விழுந்தால் எழுந்திருக்கக் கூடாது, உருண்டேதான் வெளியே வர வேண்டும். முப்பது வருஷமாக நடந்தே போய் நடந்தே திரும்பியவன் அவன் ஒருவன்தான். அந்தக் கர்வத்தில் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் திரிந்தான், சொன்னால் என்ன.

தம்பி எர்லோ மாடு மேய்ப்பவன். குதிரை உதைத்த முழங்கால். வருஷம் தவறாமல் விழுவான்.

"இந்த வாட்டியாவது நடந்து வாடா. உன்னைப் பாத்துப் பாத்து சாமிக்கே அலுத்துப்போச்சு," என்றான் வாகிமர், கயிறு கட்டும்போது.

"நீ நடண்ணே. தரையைக் கும்பிடவும் ஒரு ஆள் வேணாமா?"

முந்தின நாள் நல்ல மழை. காட்டின் நடுவில் வேர் தட்டி எர்லோ குப்புற விழுந்தான். முகம் குழித் தண்ணீருக்குள். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவேயில்லை. அவன் விழுவது வழக்கம்தானே. வாகிமரும் சிரித்தான். பாவி, சிரித்தான்.

"உருளுடா."

குமிழிகள் வந்தன. இரண்டு பக்கமும் தடித்த வேர்கள். அவனால் புரள முடியவில்லை.

"பூசாரி! தம்பி முழுகுறான்! தூக்குங்க!"

"விழுந்தவனைத் தூக்க இங்க யாருக்குய்யா கை இருக்கு?" என்றார் பூசாரி. அவர் கையும் கட்டித்தான் இருந்தது.

வாகிமர் வேண்டுமென்றே விழுந்தான். புழுவாக நெளிந்து போய்த் தோளால் முட்டினான், தலையால் முட்டினான். எர்லோ பாதி புரண்டு மறுபடி குழிக்குள்ளேயே சாய்ந்தான். மூன்றாம் தரம் முகம் மேலே வந்தது. மூச்சு வரவில்லை.

செத்தவனுக்கும் அதே சட்டம்தான். தம்பியை முட்டி முட்டி உருட்டிக்கொண்டு, பின்னால் தானும் உருண்டான் வாகிமர். அழுத கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

எல்லைக்கு வெளியே பெண்கள் கூட்டத்தில் எர்லோவின் மனைவி ஸ்விந்தா நின்றிருந்தாள். மரங்களுக்கு நடுவே சேறு பூசிய இரண்டு உடம்புகள் வருவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன மச்சான், நீங்களுமா? பாருங்க, உருளுறதுல என் வீட்டுக்காரர்தான் முன்னால!"

எல்லைக்கு இன்னும் இருபது அடி இருந்தது. வாகிமர் தம்பியை மறுபடி முட்டினான்.