ராங்கியின் காலில் மஞ்சள் துணி

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். கையில் ஒரு மஞ்சள் துணி. இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு... இருங்கள், முதலில் கோழியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அமராவதிபுதூர் வீட்டுக் கொல்லையில் நாலு பெட்டை, ஒரு சேவல். பெட்டைகளில் ஒருத்திக்கு ராங்கி என்று பேர். நான்தான் வைத்தேன். தீனி போட்டால் மற்ற மூன்றையும் கொத்தி விரட்டிவிட்டுத்தான் அவள் தின்பாள். சேவலே ஒதுங்கி நிற்கும். குஞ்சு பொரித்துவிட்டால் போச்சு... மனுஷ நிழல் பட்டாலே பாய்வாள்.

இந்தத் தடவை ஏழு குஞ்சு. அவளிடம் மாட்டியது பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணம் பக்கத்து வீடு. கானாடுகாத்தானில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. விடிந்ததும் எங்கள் கொல்லையை ஒட்டிய சந்து வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். ராங்கி குஞ்சுகளோடு கிளறுவதும் அதே சந்து, அதே நேரம். மூன்று நாள் தொடர்ந்து காலில் கொத்து. நாலாம் நாள் ரத்தம் வடியும் காலோடு வந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு அத அடைச்சு வைங்க. இல்லாட்டி அறுத்துக் கொழம்பு வைங்க. எத்தன நாளைக்குத்தான் நான் ஓடுறது?"

நியாயம்தானே? அவள் பஸ் ஏறும்வரை ராங்கிமேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்தால் போதும். மூங்கில் கூடைதான், பெரிய கனமில்லை. ஆனால் குனியவேண்டும். எனக்கு முழங்கால் வலி. அதைவிட... விடியுமுன்னே எழுந்திருக்கச் சோம்பல். வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"அடைக்கப்படாது தாயி. அது கருப்பருக்கு நேந்துவிட்டது."

"பெட்டையவா நேந்தீக? சேவலத்தானே விடுவாக?"

"வேண்டுதல் அப்படி."

"கால்ல மஞ்சத்துணியக் காணமே?"

"அவுந்து விழுந்திருக்கும்."

அவள் போனதும் என்ன செய்தேன் தெரியுமா? ஜவுளிக்கடை மஞ்சப்பையில் ஓரத்தைக் கிழித்து ராங்கியின் காலில் கட்டினேன். குனிய முடியாதவன், அதற்கு மட்டும் குனிந்தேன்!

சின்ன வயதில் எங்கள் தெருவில் நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று திரிந்தது. யார் வீட்டு வாசலில் நெல் காய்ந்தாலும் தின்னும். ஒருத்தரும் கையோங்க மாட்டார்கள். அதற்கு வாலில் பாதி இறகு கிடையாது. அது எப்படிப் போனது என்பது தனிக்கதை, விடுங்கள். ஒருநாள் நான் ஓட்டாஞ்சில்லை எடுத்து அதன்மேல் எறிந்துவிட்டேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். எங்கள் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய், அந்தச் சேவலுக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியது எனக்கு இன்னும் தெரிகிறது.

அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தெரியாதவன் இல்லை நான். தெரிந்துதான் சொன்னேன்.

அதற்கப்புறம் பஞ்சவர்ணம் குறையே சொல்லவில்லை. தினமும் ஒரு பிடி நொய் கொண்டுவந்து சந்தில் போட்டாள். கொத்து வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

போன திங்கட்கிழமை மருமகள் வந்தாள். நான் வாயால் சொல்ல, பேப்பரில் வரும் இந்தப் பத்தியைப் போனில் டைப் அடிப்பவள் அவள்தான். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியுமே.

"மாமா, பஞ்சவர்ணக்கா மகளப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரப்போறதில்லையாம்."

"ஏனாம்? தலப்பிரசவமாச்சே!"

"கருப்பர் கோவமா இருக்காகளாம். இவுக கால மட்டும் தேடிக் கொத்துதுல்ல? மக கல்யாணத்துக்கு நேந்த சேவல விட மறந்துட்டாகளாம். 'சாமிக்குத்தம் உள்ள வீட்டுல எப்படிப் பிள்ள பெக்க வைப்பேன்'னு ஒரே அழுக. அங்குட்டு மகளும் போன்ல அழுகுது. அந்த வீட்டுல மாமியாரும் இல்ல, பாவம்."

அவள் கதவருகே போய்த் திரும்பினாள்.

"ஆமா, ராங்கிய எப்ப நேந்தீக மாமா? நம்ம மஞ்சப்பையில ஒரு ஓரத்தக் காணமே..."

அதற்கு மறுநாள்தான், துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு பஞ்சவர்ணம் வாசலில் போய் நின்றேன். நீட்டினேன். கடைப் பேரில் பாதி எழுத்து அதில் சிவப்பாகத் தெரிந்தது.

"நேந்ததெல்லாம் பொய் தாயி. பஞ்சாரம் கவுக்க உடம்பு வணங்காமச் சொன்னேன். குஞ்சு வச்சிருக்கு, அதான் கொத்துது. வேற ஒண்ணுமில்ல."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... கருப்பருக்கு எம்மேல கோவம் இல்லையாண்ணே?"

"இல்ல தாயி."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் மகள் வயது. திட்டியிருந்தால் தேவலை. பிறகு போனை எடுத்து மகளிடம், "புறப்படு ஆத்தா, நான் வந்து கூட்டிட்டு வாரேன்" என்றாள். போனை வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"பேப்பர்ல எழுதுற மனுசன் பொய் சொல்லுவாகளான்னு நம்புனேன் பாருங்க... நான் மறந்த சேவல நான் விட்டுக்கிறேன். நீங்க மொதல்ல ஒங்க கோழிய அடைங்க!"

சின்னப் பொய்தானே என்கிறோம். சொல்கிறவன் வாயில்தான் அது சின்னது. கேட்டவர் வீட்டுக்குள் போய் அது எவ்வளவு வளர்கிறது என்று நமக்கு எங்கே தெரிகிறது?

இப்போது விடியுமுன்னே எழுந்து, குனிந்து, பஞ்சாரம் கவிழ்க்கிறேன். முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும். பஸ்ஸுக்குப் போகும் பஞ்சவர்ணம் சந்து முனையில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்கிறாள்:

"அண்ணே, சாமி உள்ள இருக்காகளா?"

நான் தலையை நிமிர்த்தாமல் சொல்கிறேன் — "இருக்காக தாயி. நீ போ."