லீடர் அண்ணனின் காதுகள்

நீலக் கயிற்றின் இரு முனைகளிலும் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு அடைப்பான்கள், காதுக்குள் செருகிக்கொள்ள. ஓசூர் சிப்காட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கையில் கொடுத்த பொருள்களில் அதுதான் மிகச் சின்னது. இரும்புத் தகட்டை அழுத்தி உருப்படிகள் செய்யும் பிரஸ் ஷாப்பில் எல்லோர் கழுத்திலும் அது தொங்கியது. ஒருவர் காதிலும் இல்லை. நானும் மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் லைன் லீடரை லீடர் அண்ணன் என்போம். சானமாவுக் காட்டை ஒட்டிய கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், எங்களோடு தமிழ். கோபம் வந்தால் ஒரே மூச்சில் மூன்றிலும் திட்டுவார். தகட்டின்மேல் பிரஸ் இறங்கும் சத்தத்தை வைத்தே, உள்ளே அச்சு மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். கழற்றி அளந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். "காத அடைச்சிக்கினா மிஷினு பேசறது எப்பிடிப்பா கேக்கும்?" என்பார். அவரே போடாதபோது நமக்கென்ன என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

என் மிஷின் வாசலை ஒட்டி இருந்தது. சேஃப்டி ஆபீசர் வருவது எனக்குத்தான் முதலில் தெரியும். அந்த இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அதனால் நான் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, தோப்புக்கரணம் போடுவதுபோல் ஒருமுறை உட்கார்ந்து எழுவேன். அடுத்த நொடி லைன் முழுக்கக் காதுகள் அடைபட்டிருக்கும். அவர் போனதும் எல்லாம் மறுபடி கழுத்துக்கு இறங்கிவிடும். லீடர் அண்ணன் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திச் சிரிப்பார். எனக்குப் பெருமை தாங்காது. அந்தச் சைகையைக் கண்டுபிடித்தவனே நான்தான்.

நாளாக ஆக அண்ணன் கத்திப் பேச ஆரம்பித்தார். வயதாகிறது, கோபம் கூடிவிட்டது என்று நினைத்தோம். கேண்டீனில் ஏதாவது கேட்டால் சிரித்துத் தலையாட்டுவார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்தோம். ஒருநாள் அச்சு மழுங்கியது அவருக்குத் தெரியவில்லை. ஒரு பெட்டி நிறைய உருப்படிகள் வீணாகத் திரும்பி வந்தன. அண்ணன், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் மிஷின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் அவராகவே வேலையை விட்டுவிட்டார்.

ஒரு வருடம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். எங்களுக்கு நடுவில் அண்ணி வந்து உட்கார்ந்து, அவரிடம் பேசுவதற்கு முன் மூன்று விரலைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. அண்ணனே விளக்கினார். "வாயப் பாத்துதான் கண்டுபுடிக்கறேன்ப்பா. எந்த பாஷைன்னு தெரியாம வாயப் பாத்தா ஒண்ணும் வெளங்கறதில்ல. தமிழுன்னா ஒரு வெரலு, கன்னடத்துக்கு ரெண்டு, தெலுங்குக்கு மூணு."

நான் ஒரு விரலைக் காட்டினேன். பிறகு, வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "அண்ணா, ஆபீசர் வரும்போதெல்லாம் உங்கள உஷார் பண்ணது நான்தான். அத நான் பண்ணியிருக்கக் கூடாது." நேராகப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் பாதியில் தலை குனிந்துவிட்டது. அண்ணன் கேண்டீனில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துத் தலையாட்டினார். "சாப்புட்டுதான் போவணும்" என்றார். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. எழுதிக் காட்டியிருக்கலாம். நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார்.

இப்போது மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டில் மின்விசிறியை நிறுத்தினால், என் இடது காதுக்குள் குக்கர் சத்தம் போடும். அணைக்க அடுப்பில்லாத குக்கர். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "போனது போனதுதான். இருக்கறதக் காப்பாத்திக்குங்க" என்றார். மறுநாளிலிருந்து ஷிஃப்ட் தொடங்கும் முன்பே அடைப்பானைக் காதில் வைத்துக்கொள்கிறேன். "என்னண்ணா, கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?" என்று பையன்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். தோப்புக்கரணத்தையும் நிறுத்திவிட்டேன். போன வாரம் ஆபீசர் உள்ளே வந்தபோது மூன்று பேர் என் முகத்தையே பார்த்தார்கள். நான் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றேன். மூன்று பேருக்கும் மெமோ கிடைத்தது. அவர்கள் இப்போது என்னோடு டீ குடிக்க வருவதில்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் என் கை இனி காதுக்குப் போகாது.

வீட்டில் காதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யூ.கே.ஜி. படிக்கும் மகளுக்கு ரகசியம் சொல்வதில் பைத்தியம். நேற்று மாலை பள்ளி விட்டு வந்து என் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். கையைக் குவித்து என் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து சொன்னாள்.